நாலு வாயில் ஒரு வார்த்தை

அந்த வார்த்தை அவர்கள் வீட்டுக்குள் வந்தது அக்காவுக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்த அன்றைக்கு. அதற்கு முன்னால் அந்தக் குடும்பத்தில் வந்த நோய்களெல்லாம் மரியாதை தெரிந்த நோய்கள். சளி, இருமல், சுகர், பிரஷர் என்று ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிற மாதிரிதான் பெயர் வைத்துக்கொண்டு வரும். இது மட்டும் ஏழு துண்டாக வந்தது.

ஆட்களை முதலிலேயே அறிமுகம் செய்துவிடுவது நல்லது. மொத்தம் நாலு பேர். அக்கா ஜன்னல் திரை தைப்பவள். நாள் முழுக்கத் தையல் மெஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசித் தொண்டை கரகரத்துப் போனவள். அடுத்தவர் அண்ணன், லாரி டிரைவர். அவர் ரகசியம் சொன்னால் மூன்று வீடு தள்ளி இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். கடைசி தங்கை, ஒரு கூரியர் கம்பெனியில் போன் எடுக்கிறவள். வீட்டில் சண்டை போடும்போதும் "தயவுசெய்து லைனில் இருங்கள்" என்கிற அதே தேன் குரல்தான் வரும், அதனாலேயே எதிராளிக்கு இரண்டு மடங்கு கோபம் வரும். இவர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவன் தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவன். இரண்டு பேருக்குத் தம்பி, ஒருத்திக்கு அண்ணன். மெஜாரிட்டிப்படி தம்பி என்றே வைத்துக்கொள்ளலாம்.

தம்பிக்குத் திக்கும். லேசாக இல்லை. வார்த்தை தொண்டைவரை ஒழுங்காகத்தான் வரும், பல்லுக்குப் பின்னால் வந்ததும் சுவரில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். கழுத்து நரம்பு புடைக்கும், ஒரு கண் தானாக மூடிக்கொள்ளும். அதுவும் 'க' வரிசை வந்துவிட்டால் அன்றைய பொழுது போனது. பார்க்கிறவர்களுக்குப் பாவமாக இருக்கும். அப்படிப் பாவப்படுகிறவர்கள் ஒரு அநியாயம் செய்வார்கள்: அவன் ஆரம்பித்ததை அவர்களே முடித்துவிடுவார்கள். அவன் "த" என்றால் தண்ணீர் வரும். "ப" என்றால் "பசிக்குதா?" என்று தட்டு வரும். முப்பத்து நாலு வயதுவரை அவன் சொல்ல நினைத்ததற்கும் கைக்கு வந்ததற்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருந்ததில்லை. வந்ததை வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கப் பழகிவிட்டான். நல்லவேளை, தரை யாரையும் பேசச் சொல்லிக் கேட்பதில்லை.

இனி ஆபரேஷனுக்கு வருவோம். அரை மணி நேர வேலை என்று சொல்லித்தான் அக்காவை உள்ளே கொண்டுபோனார்கள். அப்போது காலை பத்து. பதினொன்று ஆனது, பன்னிரண்டு ஆனது. "டாக்டருங்க டீ குடிக்கப் போயிருப்பாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்த அண்ணன் ஒரு மணிக்கு மேல் அதையும் நிறுத்திவிட்டார். தங்கை கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி உட்கார்ந்த இடத்தில் தரையைப் பார்த்தான். மூன்றாவது வரிசையில் ஒரு டைல் அரை நூல் அளவுக்கு மேலே தூக்கி நின்றது. அதையே நாலு மணி நேரம் பார்த்தான்.

மூன்றே காலுக்குக் கதவு திறந்தது. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் அம்மா வெளியே வந்தார். ஐம்பது வயது இருக்கும். பெஞ்சில் உட்கார்ந்தார். அவருடைய வலது கை விரல்கள் எதையோ பிடித்திருக்கிற மாதிரி மடங்கியே இருந்தன. இடது கையால் ஒவ்வொரு விரலாக நிமிர்த்திவிட்டுக்கொண்டார்.

"உங்க அக்கா நல்லா இருக்காங்க. இப்போ தானா மூச்சு விடறாங்க."

"அப்போ இவ்வளவு நேரம்?" என்றார் அண்ணன்.

"இவ்வளவு நேரம் நான் விட்டேன்."

மூன்று பேருக்கும் ஒன்றும் புரியவில்லை. டாக்டர் அம்மா சொல்லச் சொல்லத்தான் புரிந்தது. மயக்கம் கொடுக்கும்போது உடம்பைத் தளர்த்த ஒரு ஊசி போடுவார்களாம். விரல், கண்ணிமை, மூச்சு விடும் தசை எல்லாம் சில நிமிஷம் வேலைநிறுத்தம் செய்யும். நம் ரத்தத்தில் ஒரு சரக்கு இருக்கிறது, அது அந்த மருந்தை உடைத்துப் போட்டுவிடும், உடம்பு எழுந்துகொள்ளும். ஊரில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் அப்படித்தான். அக்காவின் ரத்தத்தில் இருக்கிற சரக்கு மட்டும் பிறந்ததிலிருந்தே வேலை தெரியாத சரக்கு.

"மூச்சு மெஷின் எங்ககிட்ட ஒண்ணுதான் இருக்கு. அது வேற ஒரு பேஷன்ட்டுக்கு ஓடிட்டிருந்துச்சு. அதான் ரப்பர் பையைக் கையால அமுக்க வேண்டியதாப் போச்சு. நர்ஸ் ரெண்டு தடவை மாத்தி விட்டாங்க. மத்த நேரமெல்லாம் நான்தான்."

நிமிஷத்துக்குப் பன்னிரண்டு தடவை என்றார். தம்பி மனதுக்குள் பெருக்கிப் பார்த்தான். டைல்ஸ்காரனுக்குப் பெருக்கல் தண்ணீர் பட்ட பாடு. மூவாயிரத்துக்கும் மேலே போனது. மூவாயிரம் தடவை ஒருத்தி தன் கையை மூடி மூடித் திறந்து, முன்பின் தெரியாத இன்னொருத்தியை இந்தப் பக்கமே பிடித்து வைத்திருக்கிறாள். அந்த மடங்கிய விரல்களைப் பார்த்தபோது கும்பிடத் தோன்றியது, கூச்சமாக இருந்ததால் எழுந்து மட்டும் நின்றான்.

டாக்டர் அம்மா இன்னொன்றும் சொன்னார். ஆபரேஷன் முடிந்ததும் தூக்க மருந்தை நிறுத்திவிட்டார்களாம். அக்காவுக்கு நினைவு திரும்பிவிட்டது, உடம்புதான் திரும்பவில்லை. "வெளிய இருந்து பார்த்தா ஒண்ணுமே தெரியாது. கண்ணோரத்துல ஒரு சொட்டுத் தண்ணி உருண்டுச்சு. அதைப் பார்த்துதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இவங்க முழிச்சுக்கிட்டு இருக்காங்கன்னு. உடனே காதுகிட்டப் போய், பயப்படாதீங்க, உங்க மூச்சை நான் பார்த்துக்கறேன்னு சொல்லிட்டுத் திரும்பத் தூங்க வச்சேன். ஒரு அரை மணி நேரம் அப்படிக் கிடந்திருப்பாங்க."

பிறகு ஒரு சீட்டை எடுத்து அந்த வார்த்தையை எழுதினார். முதலில் ஆங்கிலத்தில், அதற்குக் கீழே தமிழில், நடுநடுவே கோடு போட்டு. சூ, டோ, கோ, லி, னெஸ், ட, ரேஸ். ஒவ்வொரு துண்டுக்கும் பெஞ்சில் ஒரு விரல் தட்டு. 'கோ'வில் கொஞ்சம் ஊன்ற வேண்டும், 'னெஸ்'ஸில் நன்றாக ஏற வேண்டும், மற்றதெல்லாம் வழுக்கிக்கொண்டு போய்விடும். சூடோகோலினெஸ்டரேஸ். கடைசியில் 'குறைபாடு' என்று சேர்த்துக்கொண்டால் போதும். ஆங்கிலத்தில் முன்னால் ஒரு 'பி' இருக்கும், அதை எழுதத்தான் வேண்டும், சொல்லக் கூடாது என்றார். தம்பி அந்தப் 'பி'யை உற்றுப் பார்த்தான். எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றுகொண்டு, சத்தமே வராத ஒரு எழுத்து. அதன்மேல் அவனுக்கு ஒரு பாசம் வந்துவிட்டது.

"சூடோன்னா போலின்னு அர்த்தம்" என்றார் டாக்டர் அம்மா.

"நம்ம குடும்பத்துல அசல்தான் எதுவும் கிடையாதுன்னு பார்த்தா, போலி கூட ஓடலையா?" என்றார் அண்ணன். சொல்லிவிட்டு அழுதார்.

"கூடப் பிறந்தவங்க எல்லாரும் ரத்தம் பாருங்க. லெட்டர் தரேன், பர்ஸ்ல வச்சுக்கோங்க. ஆனா பர்ஸ் தொலையும், வாய் தொலையாது. வாயிலயும் வச்சுக்கோங்க."

ரத்தம் பார்த்தார்கள். அண்ணனுக்கும் தங்கைக்கும் கவலையில்லை. அக்காவைப் போலவே இன்னொருவன், தம்பி. செத்துப்போன அப்பாவும் அம்மாவும் வீடு வைத்துவிட்டுப் போகவில்லை, நிலம் வைத்துவிட்டுப் போகவில்லை. ஆளுக்குப் பாதி பாதியாகத் தங்களுக்கே தெரியாமல் வைத்திருந்த இதை இரண்டு பிள்ளைகளுக்கு முழுசாக எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தம்பிக்குப் பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. முப்பத்து நாலு வருஷம் இந்த உடம்போடு சாப்பிட்டான், தூங்கினான், மாடி மாடியாக டைல்ஸ் சுமந்தான். ஒரே ஒரு ஊசி வரும்வரை தன்னைக் காட்டிக்கொள்ளாத ஒன்று உள்ளே சத்தமில்லாமல் குடியிருந்திருக்கிறது.

இங்கேதான் அந்தக் குடும்பம் அந்தத் தப்பைச் செய்தது. வேறு எந்தக் குடும்பமும் இப்படிச் செய்திருக்காது.

வார்த்தையை மனப்பாடம் செய்ய ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் உட்கார்ந்தார்கள். அக்காவுக்கு முதல் இரண்டு துண்டு வந்தது, அதற்கு மேல் வரவில்லை. அண்ணனுக்கு நடுவில் ஏறிவிட்டால் இறங்கத் தெரியவில்லை. தம்பியின் முறை வந்தது. "சூ" என்று நின்றான். ஒரு நிமிஷம் ஆனது. கழுத்து நரம்பைப் பார்த்து அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அண்ணனுக்குத் தாங்கவில்லை.

"எதுக்குப் போட்டு அவனை வதைக்கிறீங்க? பிரிச்சுக்குவோம். அக்கா, நீ சூடோ. நான் லினெஸ். கடைக்குட்டி டரேஸ். அவனுக்கு நடுவுல ஒரே ஒரு எழுத்து போதும், கோ."

"தனியா இருக்கும்போது?" என்றாள் தங்கை.

"நம்மளை விட்டுட்டு இவன் எங்க தனியாப் போகப் போறான்?"

அன்பில் செய்ததுதான். அன்பில் செய்யும்போது யாரும் யோசிப்பதில்லை. அந்தப் பாவப்பட்டவனுக்குப் போய் 'க' வரிசையில் ஒன்றைக் கொடுத்தோமே என்றுகூட யாருக்கும் உறைக்கவில்லை. அதற்குப் பிறகு நாலு பேரும் சேர்ந்து சாப்பிட உட்காரும்போதெல்லாம் வார்த்தையைச் சொல்லிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அக்கா கரகரவென்று "சூடோ" என்று ஆரம்பித்து வைப்பாள். தம்பி வாயைத் திறப்பான். ஒரு மூச்சு நேரம் பார்த்துவிட்டு அண்ணனே "கோ" போட்டு, "லினெஸ்" என்று ஒரு அதட்டு அதட்டுவார். தங்கை "டரேஸ்" என்று தேனை ஊற்றி முடிப்பாள். வீட்டுக்கு வந்தவர்கள் கைதட்டுவார்கள். நாலு வருஷத்தில் தம்பியின் 'கோ'வைத் தம்பி சொல்லி யாரும் கேட்டதில்லை.

பிறகு அந்த நாள் வந்தது. ஊரின் மறுகோடியில் ஒரு கடைக்குத் தரை போட்டுக்கொண்டிருந்தார்கள். மதியச் சாப்பாடு வயிறு முட்ட முடிந்தது. கை கழுவிவிட்டு வந்த தம்பி இரண்டடிக்கு நாலடி டைல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு படியேறினான். அதன் மூலை கதவு நிலையில் லேசாகத்தான் இடித்தது. டைல் நடுவில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி அவன் வலது முன்கை வழியாகச் சறுக்கிக்கொண்டு இறங்கியது. உடைந்த டைலின் விளிம்புக்கு முன்னால் கத்தியெல்லாம் சும்மா. முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை திறந்துகொண்டது. மேஸ்திரி தன் துண்டை இறுக்கிக் கட்டி, வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு பறந்தார்.

வேன் பாதி வழி போன பிறகுதான் தம்பிக்கு நினைவு வந்தது. வேலைக்கு அரை டிராயரோடு நிற்கிறவன் அவன். பேன்ட் அங்கே ஆணியில் தொங்குகிறது. பேன்ட்டுக்குள் பர்ஸ், பர்ஸுக்குள் லெட்டர்.

அவசரப் பிரிவில் ஒரு டாக்டர் படிவத்தோடு வந்தார். "எப்போ சாப்பிட்டார்?"

"இப்பதான் சார், அரை மணி நேரம் ஆகல" என்றார் மேஸ்திரி.

"அலர்ஜி ஏதாவது? முன்னாடி ஆபரேஷன்? குடும்பத்துல யாருக்காவது மயக்க மருந்தால பிரச்சனை வந்திருக்கா?"

தம்பி தலையைத் தூக்கினான். "அ..." என்றான். "அ..."

"அதெல்லாம் ஒண்ணுமே இல்ல சார்" என்றார் மேஸ்திரி. "தலைவலின்னு ஒரு நாள் லீவு போட்டது கிடையாது. கல்லு மாதிரி ஆளு."

படிவத்தில் மூன்று 'இல்லை' விழுந்தது. தம்பி தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினான். வலி தாங்கவில்லை போல என்று நர்ஸ் அவன் நெற்றியைத் தடவிக் கொடுத்தாள். இடது கையில் ஊசி குத்தி, அது நகராமல் ஒரு பலகையோடு சேர்த்துக் கட்டினாள். எழுதுகிற கை கிழிந்து கிடந்தது, மற்ற கை கட்டப்பட்டுவிட்டது. அவன் வீட்டுக்குப் போன் போட மேஸ்திரி வெளியே போனார். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கூரையில் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின.

ஆபரேஷன் அறை சில்லென்று இருந்தது. அவன் போட்ட தரைகளைவிட வழவழப்பான தரை. மயக்க மருந்து கொடுப்பவர் இளைஞர், முகமூடிக்கு மேல் கண்கள் மட்டும் தெரிந்தன. நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "வயிறு நிறையச் சாப்பிட்டிருக்கீங்க. அதனால சீக்கிரமா தூங்க வைக்கணும். ரெண்டே ரெண்டு ஊசி, அடுத்தடுத்து. நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்."

தட்டில் இரண்டு சிரிஞ்சுகள் இருந்தன. ஒன்றில் பால் மாதிரி வெள்ளை. இன்னொன்றில் தண்ணீர் மாதிரி ஒன்று. வெள்ளையை அவன் லட்சியம் செய்யவில்லை. தண்ணீரையே பார்த்தான். அக்காவை நாலு மணி நேரத்துக்கு மேல் கல்லாக்கியது அதுவாகத்தான் இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. இன்றைக்கு யாருடைய கை மூவாயிரம் தடவை மடங்கும்? மடங்க வேண்டும் என்று யாருக்காவது தெரியுமா?

மூக்கையும் வாயையும் மூடி ஆக்ஸிஜன் மாஸ்க் வந்தது. தம்பி சொல்லப் பார்த்தான். 'மயக்க ஊசி' என்று சொல்ல நினைத்தான், 'ம'வில் உதடு ஒட்டிக்கொண்டது. 'அக்காவுக்கு' என்று நினைத்தான், 'அ' தொண்டையிலேயே அடைத்தது. மாஸ்க்கின் உள்பக்கம் ஆவி படிந்தது, அவ்வளவுதான்.

"பயப்படாதீங்க, பயப்படாதீங்க" என்று டாக்டர் வெள்ளைச் சிரிஞ்சைக் கையில் எடுத்தார்.

பிறகு நடந்ததைத் தம்பியால் எந்தக் காலத்திலும் முழுசாக விளக்க முடிந்ததில்லை. அவன் கண்ணை மூடினான். சாப்பிட உட்கார்ந்த மாதிரி இருந்தது. எதிரில் அக்கா. உதட்டில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே பேசுகிற அந்தக் கரகரப்பு காதில் கேட்டது. அது அவன் வாயைத் திறந்துகொண்டு வெளியே வந்தது.

"சூடோ."

தடையில்லை, முட்டல் இல்லை. ஒரு நடுவயசுப் பெண்ணின் குரல், ஒரு ஆம்பிளையின் வாயிலிருந்து. டாக்டரின் கை அப்படியே நின்றது. நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

அடுத்தது அவன் முறை. வாய் திறந்தபடியே இருந்தது. ஒரு மூச்சு போனது, இரண்டு மூச்சு போனது. போட்டுக் கொடுக்க இங்கே அண்ணன் இல்லை. ஆனால் அண்ணன் பொறுமையுள்ள ஆளா என்ன? அவர் துண்டு உள்ளே இருந்து தானாகக் கிளம்பியது, லாரி இன்ஜினுக்கு மேல் கத்துகிற அதே சத்தத்தில்.

"லினெஸ்!"

கை கழுவிக்கொண்டிருந்த சர்ஜன் திடுக்கிட்டு எட்டிப் பார்த்தார். அவர் எட்டிப் பார்க்கும்போதே தங்கை வந்துவிட்டாள், தேன் சொட்டச் சொட்ட.

"டரேஸ்."

தலைமாட்டில் இருந்த மெஷின் மட்டும் அவன் இதயத்தை வேகவேகமாக எண்ணிக்கொண்டிருந்தது. தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு எல்லோரையும்விட அதிகமாக ஆச்சரியப்பட்டவன் தம்பிதான். முப்பத்தெட்டு வருஷமாக அடைத்துக் கிடந்த கதவு வழியாக மூன்று பேர் சர்வசாதாரணமாக நடந்து போய்விட்டார்கள்.

டாக்டர் சிரிஞ்சைத் தட்டில் வைத்தார். தண்ணீர் மாதிரி இருந்ததை எடுத்து நர்ஸிடம் கொடுத்தார். "இது இங்க வேண்டாம். கொண்டுபோயிடுங்க." பிறகு மாஸ்க்கைத் தூக்கினார்.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் சர்ஜன். கழுவிய கைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒரு நிமிஷம் சார். இவர் இன்னும் சொல்லி முடிக்கல."

"புரிஞ்சிருச்சுல்ல? அதேதான்."

"புரிஞ்ச மாதிரிதான் இருக்கு. ஆனா படிவத்துல யாரோ இவருக்காகச் சொன்னதை எழுதி வச்சிருக்காங்க. நானும் இவருக்காகச் சொல்லிட்டா அதே கதைதான். கட்டு இறுக்கமா இருக்கு, ரத்தம் நின்னிருக்கு, நேரம் இருக்கு." குனிந்து தம்பியின் கண்களுக்கு நேராக வந்தார். "சொல்லுங்க. நான் இருக்கேன்."

காத்திருந்தார். எட்டிப் பிடிக்கவில்லை, தலையாட்டவில்லை, உதட்டைக் குவித்து முதல் எழுத்தை எடுத்துக் கொடுக்கவில்லை. சும்மா காத்திருந்தார். நர்ஸ் காத்திருந்தாள். தூக்கிய கையோடு சர்ஜனும் காத்திருந்தார். அந்தப் பெரிய விளக்குக்குக் கீழே படித்தவர்கள் மூன்று பேர் தன் ஒரே ஒரு எழுத்துக்காக நிற்கிறார்கள் என்பதைத் தம்பியால் நம்ப முடியவில்லை. யாரும் அவனுக்காக இப்படி நின்றதில்லை. ஊசிக்கு முன்னால் அதுதான் அவன் உடம்பைத் தளர்த்தியது.

கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு கண் மூடிக்கொண்டது. "க்" என்று ஒரு முட்டல், இன்னொரு முட்டல். அக்காவின் குரலில் சொல்லிப் பார்க்கலாமா என்று நினைத்தான். ஆனால் இந்தத் துண்டை அக்கா சொல்லி அவன் கேட்டதில்லை. அண்ணன் சொல்லித்தான் கேட்டிருக்கிறான், அதுவும் அவசரமாக, பிடுங்கிக்கொண்டு. அது வேண்டாம் என்று இருந்தது. வேறு யார் குரலும் மிச்சம் இல்லை.

"கோ" என்றான் தம்பி.

கனமான, கொஞ்சம் தாழ்ந்த குரல். ஊன்ற வேண்டிய இடத்தில் ஊன்றியே வந்தது. அது தன் குரல்தான் என்று புரிய அவனுக்கு ஒரு கணம் பிடித்தது.

டாக்டர் நாலு துண்டையும் சேர்த்து, மெதுவாக, விரலால் கட்டிலின் ஓரத்தில் தட்டித் தட்டிச் சொன்னார். "சூடோகோலினெஸ்டரேஸ். குறைபாடு. சரியா? வீட்டுல யாருக்கு?"

"அ... அக்காவுக்கு. எ... எனக்கும்."

"படிச்சிருக்கேன். நேர்ல பார்த்ததே இல்ல" என்று டாக்டர் சர்ஜனிடம் சொன்னார். "அந்த ஊசியைப் போட்டிருப்பேன் சார். இன்னும் ஒரு நிமிஷத்துல போட்டிருப்பேன்." பிறகு தம்பியைப் பார்த்து, "வேற மருந்து இருக்கு. நிம்மதியாத் தூங்குங்க" என்றார். பால் மாதிரி வெள்ளை, குழாயில் இறங்கியது.

கண் திறந்தபோது ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது. தன் மூச்சு தானாகப் போய்வருவதை அவன் கொஞ்ச நேரம் கவனித்துக்கொண்டே கிடந்தான். அதற்குள் கட்டிலைச் சுற்றி மூன்று முகங்கள். அண்ணன் மேஸ்திரியைத் திட்டிக்கொண்டிருந்தார், மேஸ்திரி அங்கே இல்லவே இல்லை.

அந்த இளம் டாக்டர் உள்ளே வந்தார். "டாக்டர், என் தம்பி..." என்று அக்கா எழுந்தாள்.

டாக்டர் நின்றுவிட்டார். "நீங்கதான் சூடோ."

"என்னது?" என்று அண்ணன் கேட்டது வார்டு முழுக்கக் கேட்டது.

"நீங்க லினெஸ்" என்று டாக்டர் சிரித்தார். "எனக்கு உங்களை எல்லாம் தெரியும். உள்ள வந்திருந்தீங்க."

"தயவுசெய்து கொஞ்சம் புரியற மாதிரி சொல்றீங்களா?" என்றாள் தங்கை. டாக்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை, அவளுடையது டரேஸ் என்று சொல்ல வேண்டியே இருக்கவில்லை. நடந்ததைச் சொன்னார். கேட்கக் கேட்க மூன்று பேர் முகமும் மாறியது. தாங்கள் ஆட்டோவில் அடித்துப் பிடித்து வந்துகொண்டிருந்த நேரத்தில், தங்கள் குரல் தங்களுக்கு முன்னால் இங்கே வந்து அவனுக்கு அருகில் நின்றிருக்கிறது. அக்கா தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அப்போ கோ யாரு சொன்னது?" என்றார் அண்ணன்.

"அவர்தான். அவரோடதுதானே?"

டாக்டர் போன பிறகு அண்ணன் ரொம்ப நேரம் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒற்றை எழுத்தைக் கொடுத்து, அதையும் நாலு வருஷமாகப் பிடுங்கிக்கொண்டிருந்தோம் என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. அவர் அழுகையை அடக்கினால் மூக்கு சிவக்கும். மூக்கு சிவந்திருந்தது.

தம்பி அக்காவைப் பார்த்தான். "அ..." என்றான். "அ..."

"என்னடா, அடுத்த தலைகாணி வேணுமா? ஆட்டோ..." என்று அண்ணன் ஆரம்பித்தார். அக்கா தன் உள்ளங்கையால் அவர் வாயைப் பொத்தினாள். பொத்திய கையை எடுக்கவில்லை.

காத்திருந்தார்கள். பக்கத்துக் கட்டில்காரர் பழம் உரிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். நர்ஸ் ஒருத்தி வந்து, பாட்டிலை மாற்றிவிட்டுப் போனாள். தங்கை சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் என்று யாரும் கடிகாரம் பார்க்கவில்லை.

"அக்கா" என்றான் தம்பி. "அன்னிக்கு... உ... உனக்கு முழிப்பு வந்து... உடம்பு வரல இல்ல. அந்த அரை மணி நேரம். எ... எப்படி இருந்துச்சு?"

நாலு வருஷத்தில் எத்தனையோ தடவை அவன் கேட்க ஆரம்பித்த கேள்வி அது. ஒவ்வொரு தடவையும் தண்ணீரோ தலையணையோ வந்து சேர்ந்தது. வேறு யாரும் இதை அவளிடம் கேட்டதில்லை. உயிர் பிழைத்தவளிடம் இதையெல்லாம் போய் எதற்குக் கேட்பது என்று விட்டுவிட்டார்கள்.

அக்கா அண்ணனின் வாயிலிருந்து கையை எடுத்து, தம்பியின் நெற்றியில் வைத்தாள்.

"உள்ள எல்லாமே இருந்துச்சுடா. சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையா வந்து நின்னுச்சு. ஒண்ணு கூட வெளிய வரல. சுத்தி நின்னவங்க அவங்க பாட்டுக்குப் பேசிக்கிட்டிருந்தாங்க, எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு." அவள் குரல் இன்னும் கரகரத்தது. "அப்போ எனக்குச் சாமி ஞாபகம் வரல, சாவு ஞாபகம் வரல. உன் ஞாபகம்தான் வந்துச்சு. இவன் தினமும் இப்படியாடா இருக்கான்னு. அந்த அரை மணி நேரம் நான் நீயா இருந்தேன்டா."

தம்பியின் கண்ணோரம் நனைந்தது. துடைக்க அவனுக்குக் கை இல்லை, அக்காதான் துடைத்தாள்.

"ஏ... ஏன் சொல்லல?"

"நீ கேட்கவே இல்லையேன்னு இருந்துட்டேன்."

அவன் அதற்கும் ஏதோ சொல்ல வந்தான். வாய் திறந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. மூன்று பேரும் அவனைப் பார்த்தபடி நின்றார்கள். அண்ணன் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.